துரைக்குக் காட்டிய வெயில்

அந்த வெள்ளை அட்டையைக் கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வெளியே எடுப்பார். உள்ளங்கை அகலம்தான். கண்ணாடிக் கம்பெனிக்காரன் விற்பனைக்கு உதவியாகக் கொடுத்தது. வாடிக்கையாளரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்து அட்டையை வெயிலில் நீட்டுவார். பத்து எண்ணுவதற்குள் அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும்.

"பாத்தீங்களாம்மா? வெயில்ல இருக்கிற விஷம் இதுதான். உங்க சோபாவை வெளுக்கிறதும் இது, உங்க முகத்தைக் கறுக்கிறதும் இது. இப்ப இங்க பாருங்க."

நிழலில் அட்டை மறுபடி வெளுக்கும்வரை ஊர்க்கதை பேசுவார். பிறகு அதன்மேல் ஸ்பெஷல் கண்ணாடித் துண்டைப் பிடித்து வெயிலில் நீட்டுவார். பத்து எண்ணினாலும் நூறு எண்ணினாலும் அட்டை வெள்ளையாகவே இருக்கும்.

"வெளிச்சம் வருது, சூடு வருது. விஷம் மட்டும் வராது. மாமியாரை வாசல்லயே பேசி அனுப்புற மாதிரி!"

வந்த பெண்கள் சிரிப்பார்கள். கூட மாமியார் வந்திருந்தால் அந்தக் கடைசி வரியை மட்டும் விழுங்கிவிடுவார். பதினாறு வருஷமாக அதே பேச்சு, அதே சிரிப்பு.

துரை வீட்டுக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

துரை என்பது கண்ணாடிக்காரரின் அக்கா வளர்த்த இகுவானா. பச்சை நிறம். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலடி, அதில் வால் மட்டுமே முக்கால்வாசி. முதுகு நெடுகச் சீப்புப் பல் மாதிரி முட்கள், கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல். முதல் தடவை பார்க்கிறவர்கள், "அம்மாடி, எவ்வளவு பெரிய ஓணான்!" என்பார்கள். அக்காவுக்கு மூக்குமேல் கோபம் வரும்.

"ஓணான் உங்க வீட்டு வேலியில இருக்கும். இவன் துரை."

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை குட்டி இல்லை. அவள் வேலை முடிந்து கதவைத் திறந்தால் துரை தலையை மேலும் கீழும் ஆட்டும். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே வழியில் யாரிடமும் நின்று பேசாமல் ஓடி வருவாள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்தபோது அவள் அழுதது தம்பிக்காக இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"ரெண்டு வருஷம்தான்டா. திரும்பி வந்து உங்களோடயே இருந்துடறேன். அந்தச் சின்ன ரூம் போதும், எனக்கும் துரைக்கும். அதுவரைக்கும் அவனைப் பத்திரமா பாத்துக்க. வேற எதுவும் நான் உன்கிட்டக் கேட்டதில்ல."

உண்மைதான். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது, கடை வைக்கக் கைகொடுத்தது எல்லாம் அவள். எதையும் சொல்லிக் காட்டியதில்லை, எதையும் கேட்டதுமில்லை.

ஒரு தாளில் ஆறு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கீரையும் பூசணிக்காயும் பொடியாக நறுக்கு. முட்டை, கறி கூடவே கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் விடு. தினமும் நல்ல வெயில் வேண்டும். வாலைப் பிடித்து இழுக்காதே. பேசிக்கொண்டே இரு.

அக்கா வீட்டில் துரை மொட்டை மாடியில் கம்பி வலைக் கூண்டில் கிடந்தது. இங்கே அதற்கு வழியில்லை. முதல் வாரமே துணி காயப்போட வந்த இரண்டாம் மாடிக்காரி போட்ட அலறலில் தெருவே திரண்டுவிட்டது. "மாடியில முதலை விட்டிருக்காங்க!" என்று அவள் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். முதலை இல்லை என்று அவரை நம்பவைக்கவே அரை நாள் ஆனது. அதன் பிறகு மாடிக் கதவுக்குப் பூட்டு.

கண்ணாடிக்காரர் அசரவில்லை. சின்ன அறையின் கிழக்கு ஜன்னலை ஒட்டி, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு கூண்டு கட்டினார். தன் கையால் அறுத்து, தன் கையால் விளிம்பு தேய்த்து, ஒரு சொட்டுப் பசை வெளியே வழியாமல் கட்டிய கண்ணாடிக் கூண்டு. ஜன்னலின் பழைய கண்ணாடியில் கீறல் இருந்ததால் அதையும் கழற்றிவிட்டு, கடையிலேயே உசத்தியான ஸ்பெஷல் கண்ணாடியைப் போட்டார். உள்ளே படுக்க ஒரு மரக்கிளை. காலை ஏழு மணிக்கு வெயில் நேராக அந்தக் கிளையில் விழும்.

பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். "எங்க வீட்டு ஹால்லகூட இவ்வளவு நல்ல கண்ணாடி இல்லையே" என்றார் பெயின்ட் கடைக்காரர்.

"துரைன்னா சும்மாவா?" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. "நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு ஒரு முகம் பாக்கிற கண்ணாடிகூட மாட்டித் தரலை இந்த மனுஷன்."

அவள் காய்கறிக் கடையில் பில் போடுகிறவள். தினமும் சாயங்காலம் வாடாத இலையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பை கொண்டு வருவாள். முதலில் எட்ட நின்று தட்டைத் தள்ளியவள், ஆறே மாதத்தில் துரையின் தலையைத் தடவிக்கொண்டே கடைச் சண்டைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அக்கா வீடியோவில் வருவாள். போனைக் கூண்டுக்குள் நீட்ட வேண்டும். அக்காவின் குரல் கேட்டதும் துரை தலையாட்டும்.

"பாத்தியா, மறக்கலை! இங்க எல்லாரும் என் பேரையே மறந்துட்டாங்கடா, 'லாண்டரி'ன்னுதான் கூப்பிடறாங்க. இவன் மறக்கலை."

இரண்டாவது வருஷத்தில் துரைக்குத் தொடையில் சதை போட்டது. பின்னங்கால்கள் இரண்டும் உருண்டு திரண்டு பயில்வான் கால்கள் போல ஆயின. கண்ணாடிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"என்கிட்ட இருந்தப்ப நரம்பா இருந்தான்" என்றாள் அக்கா. "நீ நல்லா வச்சிருக்கடா."

கொஞ்ச நாளில் துரையின் விரல்கள் ஓயாமல் ஆடத் தொடங்கின. கிளையின்மேல் படுத்தபடி நீள விரல்கள் தனியாகத் துடிக்கும்.

"துரை டைப் அடிக்கிறாரு" என்றாள் மனைவி. "உங்க அக்காவுக்கு லெட்டர் போல. இந்த வீட்ல சரியாச் சோறு போடறதில்லன்னு."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அதையும் வீடியோவில் காட்டினார்கள். அக்காவும் சிரித்தாள்.

அக்கா வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, துரை கிளையிலிருந்து விழுந்தது. மூன்றடி உயரம்தான். விழுந்த துரை முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது. பின்னங்கால்கள் வரவில்லை. பயில்வான் கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரி பின்னால் இழுபட்டன. மறுநாள் காலை துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்.

டாக்டரம்மா துரையின் தாடையை விரலால் லேசாக அழுத்தினார். தாடை வளைந்து கொடுத்தது, ரப்பர் மாதிரி. அவர் முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"எலும்பு பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியணும். இங்க பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கு. முதுகெலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. ஒண்ணு நேத்து முறிஞ்சது. இன்னொண்ணு பழசு."

"பழசா? நல்லாத்தான் இருந்தான் டாக்டர். தொடையெல்லாம் நல்லா சதை போட்டு..."

"அது சதை இல்ல. எலும்பு தாங்கலைன்னு உடம்பே நாராச் சுத்திக் கட்டுப் போட்டுக்கிட்டிருக்கு. விரல் துடிக்குமே, கவனிக்கலையா?"

கண்ணாடிக்காரருக்கு அந்த லெட்டர் ஞாபகம் வந்தது.

"கால்சியம் சுத்தமா இல்ல. என்ன சாப்பாடு?" என்று கேட்டார் டாக்டரம்மா. கண்ணாடிக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுல குறை இல்லையே. ஆனா வெயில் படலைன்னா தின்ன கீரையெல்லாம் வீண். எலும்புக்குப் போய்ச் சேராது. வெயில்லயே வைக்க மாட்டீங்களா?"

"ஐயோ, தினமும் டாக்டர்! காலையில ஏழுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். ஒரு நாள் தவறினதில்ல."

"எங்க வைப்பீங்க?"

"வீட்லதான். ஜன்னலோரமா கூண்டு."

"கண்ணாடிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்தான்" என்றார் கண்ணாடிக்காரர். டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். வெயிலின் சூடு வேறு, அதில் இருக்கிற கதிர் வேறு. எலும்புக்கு வேண்டியது அந்தக் கதிர். சாதாரணக் கண்ணாடியே அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். "இப்பல்லாம் ஸ்பெஷல் கண்ணாடின்னு விக்கிறாங்க, அதுல துளிகூட வராது. பாவம், வெயில்லயே உக்காந்து வெயிலே படாம இருந்திருக்கு." சீட்டின் மேல் பகுதியை நிரப்பப் பேனாவைக் கொண்டு போனார். "உங்க பேரு, தொழில் சொல்லுங்க."

"கண்ணாடிக் கடை" என்றார்.

பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது.

"இதைத் திருப்ப முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா, குரலைத் தணித்து. "விளக்கு வச்சாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, முறிஞ்சது முறிஞ்சதுதான். சிறுநீரகமும் போய்க்கிட்டிருக்கு. நல்ல வலி இருக்கும். இதுங்க சத்தம் போடாது, அதனால நமக்குத் தெரியாது. இன்னைக்கே ஒரு ஊசியில தூங்க வச்சிடலாம்."

"இது என் அக்காவோடது டாக்டர். ஒன்பது நாள்ல வந்துடுவா. அவ பாக்கணும்."

"போன்ல கேளுங்களேன்."

"இல்ல... அவ வந்துடட்டும். வலிக்கு மருந்து குடுங்க."

"குடுக்கிறேன். ஆனா அது வலியை முழுசா நிறுத்தாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் துரையைத் துண்டோடு தரையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அன்று வெயில் நன்றாகவே இருந்தது. கிளைமேல் கை வைத்தால் சுட்டது. அட்டையை அங்கே வைத்து எண்ணினார். பத்து. ஐம்பது. நூறு.

அன்று காலையிலேயே கீரை வாங்கி வந்து வாசலில் நின்ற மனைவிக்கு அந்த வெள்ளை அட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கீரைப் பையை அப்படியே கீழே வைத்தாள்.

அன்று மத்தியானமே ஜன்னல் கண்ணாடியைக் கழற்றினார். பூட்டு போட்ட மாடிச் சாவிக்காக வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் நின்றார். சாவி கிடைத்தது. ஆனால் மறுநாள் காலை வானம் மூடிக்கொண்டது. கறுப்பு மேகம் இல்லை, அழுக்குத் துணி விரித்த மாதிரி சாம்பல் மேகம். இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள். தினமும் துரையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறுவார். அட்டையை நீட்டிப் பார்ப்பார். வெளிறிய ஊதா தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்குவார். தூறல் விழும். இறங்குவார். கண்ணாடி இல்லாத ஜன்னலில் கட்டிய பிளாஸ்டிக் தாள் நாள் முழுக்கப் படபடத்தது.

துரை சாப்பிடவில்லை. மனைவி இலையை அரைத்து ஊசிக்குழாயில் வைத்து வாயோரம் விட்டாள். பாதி வழிந்தது.

"அண்ணிகிட்ட வயசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"அஞ்சு வயசுடி அவனுக்கு. இருபது வருஷம்கூட இருக்குமாம்."

"அப்ப வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க. விழுந்தது நெசம்தானே? நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டி வைக்காதீங்க. வந்து நம்ம கூட இருக்கப் போற மனுஷி."

ஞாயிறு வந்தது. போனைத் துரையின் முகத்துக்கு மட்டும் நெருக்கிப் பிடித்தார். உடம்பு தெரியவில்லை.

"என்னடா உம்முன்னு இருக்கான்? தலையாட்டக் காணோம்?"

"உன் மேல கோபம்க்கா. ரெண்டு வருஷமா ஏமாத்தறியாம்."

"வரேண்டா துரை, மூணே நாள்!" அக்கா ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். "இவனுக்கு என்ன வாங்கியிருக்கேன் பாரு. விளக்கு! மழை நாள்ல வெயிலுக்குப் பதிலா இதைப் போடலாமாம். இரு, பின்னாடி என்னமோ எழுதியிருக்கு..." மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். "விளக்கைக் கூண்டுக்குள்ளயே மாட்டணுமாம். நடுவுல கண்ணாடி இருந்தா பிரயோஜனம்..."

அக்கா நிறுத்தினாள். படம் உறைந்துவிட்டதோ என்று கண்ணாடிக்காரர் பார்த்தார். உறையவில்லை. அவள் கண் இமைத்தது.

"சொல்லு தம்பி" என்றாள் மெதுவாக. "அங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரிதான் இருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி பக்கத்தில் நின்று வேண்டாம் என்று கை காட்டினாள்.

"எல்லாம் சரிக்கா. நீ பத்திரமா வா."

புதன்கிழமை காலை அக்கா வந்து இறங்கினாள். பெட்டியை ஹாலில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சின்ன அறைக்குப் போனாள். துரை தரையில் மெத்தைமேல் கிடந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். துரை ஒரு கண்ணைத் திறந்தது. தலை அரை அங்குலம் மேலே வந்தது. அதற்கு மேல் முடியாமல் தாடை மெத்தையில் இறங்கியது.

அக்கா பின்னங்கால்களைத் தொட்டாள். தாடையைத் தொட்டாள்.

கண்ணாடிக்காரர் அட்டையை எடுத்தார். எங்கே தொடங்குவதென்று தெரியாதபோது கை அதைத்தான் தேடியது. "அக்கா, இந்த அட்டை இருக்குல்ல... வெயில்ல பிடிச்சா... நான் போட்டிருந்த கண்ணாடில..."

"அதை உள்ள வைடா. எனக்குத் தெரியும். பெட்டியில படிச்சப்பவே புரிஞ்சுடுச்சு. உன் கூண்டை ரெண்டு வருஷமா வீடியோல பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? எனக்கும்தான் தோணலை. தொடையைப் பாத்துச் சந்தோஷப்பட்டவதானே நானும்." அவள் குரலில் கோபமே இல்லை. "டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"காட்டினேன்."

"எப்போ?"

மனைவி உள்ளே வந்தாள். "நேத்துதான் அண்ணி..."

"ஒன்பது நாள் ஆச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னார். ஊசியை, வலியை, இதுங்க சத்தம் போடாது என்றதை. ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அக்காவின் முகம் மூடிக்கொண்டு வந்தது.

"ஒன்பது நாள். இந்த முதுகோட."

"நீ பாக்கணும்னுதான்க்கா..."

"நான் பாக்கணும்னா? இல்ல நான் வந்து பாக்கிறப்ப உயிரோட ஒப்படைச்சோம்னு இருக்கணும்னா?"

கண்ணாடிக்காரர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கண்ணாடி போட்டது தப்பு இல்லடா. தெரியாம செஞ்சே. ஞாயித்துக்கிழமை உன்னைக் கேட்டேன். அன்னைக்கு நீ சொல்லியிருந்தா, 'வச்சிருக்காதே, இப்பவே கூட்டிட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பேன். மூணு நாள் வலியாவது மிச்சமாகியிருக்கும் இவனுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மணி வரைக்கும்."

பிளாஸ்டிக் தாளின் மேல் மஞ்சளாக ஏதோ படர்ந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். "வெயில் வந்திருக்கு அண்ணி" என்றாள், சொல்லலாமா கூடாதா என்று தெரியாத குரலில்.

மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து துரையை மடியில் கிடத்திக்கொண்டாள். ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த வெயில் சுள்ளென்று அடித்தது. துரை கண்களை மூடிக்கொண்டு, கழுத்துத் தோலை மெல்ல விரித்தது. முதுகுப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வெயிலை வாங்கியது. கண்ணாடிக்காரர் எட்டவே நின்றார். சட்டைப் பை மெல்லிய துணி. உள்ளே அட்டை ஊதாவாகியிருக்கும் என்று தெரியும். எடுத்துப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்தாள். டாக்டரம்மாவின் அறைக்குள் அவள் மட்டும் போனாள். தம்பி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் வெறும் துண்டோடு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. "கூட வேலை செஞ்சவ வீடு ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாள் அங்க இருக்கேன்" என்றாள். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கன்னத்தை அக்கா தட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான். வாசலில் தம்பியைப் பார்த்து, "ஜன்னலுக்குக் கண்ணாடி போடு. மழை வந்தா உள்ள அடிக்கும்" என்றாள்.

விளக்குப் பெட்டி ஹால் மூலையிலேயே இருந்தது. மறந்து வைத்தாளா, விட்டுப் போனாளா தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள். புது வீடு, ஜன்னல் கண்ணாடியில் எது நல்லது என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் பழக்கத்தில் அட்டையை வெயிலில் நீட்டினார். நிறம் மாறியது. "வெயில்ல இருக்கிற..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, ஸ்பெஷலே போட்டுடுங்க" என்றாள். அளவை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை தன் வீட்டு ஜன்னலுக்கும் கண்ணாடி அறுத்தார். அளவு மனப்பாடம். இருந்தும் இரண்டு தடவை அளந்தார். கடையில் மிச்சமிருந்த துண்டில் அந்த அளவுக்குச் சரியாக வந்தது ஸ்பெஷல் ஒன்றுதான். அதையே போட்டார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சின்ன அறையில் போனோடு போய் உட்கார்ந்தார். கூண்டை இன்னும் பிரிக்கவில்லை. வெயில் புதுக் கண்ணாடி வழியாக வந்து வெறும் கிளையில் விழுந்து கிடந்தது.

"அவங்களே பண்ணணும்னு என்ன? நீங்க பண்ணுங்களேன்" என்றாள் மனைவி, கதவோரம் நின்று. கையில் முந்தின சாயங்காலம் பழக்கதோஷத்தில் கொண்டு வந்த கீரைப் பை.

அவர் அழுத்தினார். மணி அடித்தது. முழுவதும் அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார்.